உறைபனி விழும்வரை

பிராக்கன் காட்டேஜ்,
ஷ்ராப்ஷயர்.
2 அக்டோபர் 1978, திங்கள்

அன்புள்ள டெஸ்மண்ட்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயில் தாமதம். பேருந்து மட்டும் ஒழுங்காகக் குறித்த நேரத்துக்குக் கிளம்பிப் போயிருந்தது, ஆகவே எனக்குக் கிடைக்கவில்லை. திருமதி ப்ரீஸ் பண்ணை ஜீப்பை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். பின்னால் இரண்டு ஆடுகள். வழி முழுக்க அவை என் கழுத்தில் மூச்சுவிட்டபடி வந்தன. இறங்கி நின்ற பிறகுதான், அது எனக்குத் தொந்தரவாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

காட்டேஜ் எப்போதும் போலத்தான் இருக்கிறது. அடுப்பு புகைகிறது. படுக்கையறை ஜன்னலைத் திருமதி ப்ரீஸ் இந்த வருடமும் சரிசெய்யவில்லை. பழைய செய்தித்தாளை மடித்துச் செருகியிருக்கிறேன். காலையில் நடக்கிறேன், மத்தியானம் ஊர் மதுக்கடையில் சூப்பும் ரொட்டியும் சாப்பிடுகிறேன், சாயங்காலம் அடுப்பருகே உட்கார்ந்து பின்னுகிறேன். இலையுதிர்கால விடுமுறை எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது. காடு முழுவதும் பொன்னிறம். பார்க்கிறேன். பார்த்தேன் என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

நேற்று கெட்டிலை இறக்கும்போது மணிக்கட்டு அடுப்பு மேல் பட்டிருக்கிறது. இரவு சட்டையைக் கழற்றும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்தேன். பயப்படாதே, வெண்ணெய் தடவிவிட்டேன். வெண்ணெய் தடவக் கூடாது என்று நீ சொல்வாய்.

வேலியோரம் பிளாக்பெர்ரி இன்னும் கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது. பறிக்கப் போனேன், திருமதி ப்ரீஸ் விடவில்லை. “மைக்கேல்மாஸ் பண்டிகை தாண்டிடுச்சு கண்ணு. அதுக்கப்புறம் இந்தப் பழத்து மேல சாத்தான் துப்பிட்டுப் போயிருப்பான்,” என்றார். தன் வீட்டு ஜாமுக்கு மட்டும் சாத்தான் துப்பாத வேலி ஒன்று வைத்திருக்கிறார் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். என் பெட்டியைப் படியேற்றிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ரோலி இல்லாம இந்தப் படிக்கட்டு ரொம்ப அமைதியா இருக்கு. குதிரை மாதிரி இறங்குவான்,” என்றார். மகனைப் பறிகொடுத்தவர்களிடம் எல்லோரும் வானிலை பேசுகிறார்கள். மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரை என் எதிரில் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

நாம் வருடந்தோறும் ஜின்னில் ஊறப்போடும் ஸ்லோ பழங்கள் முள்ளுக்குள் கறுத்துத் தொங்குகின்றன. உறைபனி பட்டுத் தோல் வெடித்தால்தானே சாறு இறங்கும்; இன்னும் விழவில்லை, அதனால் கைவைக்கவில்லை. திருமதி ப்ரீஸ் தன் ஐஸ் பெட்டியில் ஒரு ராத்திரி வைத்தால் போதும், பழத்துக்கு வித்தியாசம் தெரியாது என்கிறார். எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

போன அக்டோபரில் போட்ட ஸ்லோ ஜின் பாட்டில், நம் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் சாமான் அறையில், கீழ்த்தட்டில் படுத்திருக்கிறது. நான் மறந்துவிட்டு வரவில்லை. கூரைத் தண்ணீர்க்குழாய் வேலை முடிந்ததும் வருவதாகச் சொன்னாயே, அப்போது நீ கொண்டுவருவாய் என்றுதான் விட்டு வந்தேன். புதுப் பழம் பறிக்கிற அன்றைக்குப் பழைய பாட்டிலைத் திறக்க வேண்டும் அல்லவா? அதில் இருப்பது ரோலி பறித்த பழம். அதைத் திறக்கத்தான் இந்த வருடம் வந்தேன். வேறு எதற்கும் இல்லை.

அன்புடன்,
மியூரியல்


கெட்டரிங்
5 அக்டோபர், வியாழன்

அன்பு மியூரியல்,

உன் கடிதம் கிடைத்தது. வெண்ணெய் தடவக் கூடாது.

இங்கே எல்லாம் நலம். கூரைக் குழாயில் ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் எதிர்பார்த்ததைவிட மோசம். பறவைக்கூடு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நீ செய்து வைத்துவிட்டுப் போன சூப் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு பார்சன்ஸ் டாலியாப் பூக்கள் கொண்டுவந்து கொடுத்தார். ஜாடியில் வைத்திருக்கிறேன். தண்ணீர் மாற்ற வேண்டுமா?

நீ ஓய்வெடுப்பது நல்லது. நன்றாகச் சாப்பிடு. மேட்டுப் பாதையில் ஈரத்தில் வழுக்கும், பூட்ஸ் போட்டுக்கொண்டு போ.

பாட்டில் விஷயம். தபாலில் அனுப்பினால் உடைந்துவிடும், அதனால் அனுப்பவில்லை. எப்போது வர முடியும் என்று இப்போது சொல்ல முடியவில்லை. நான் இல்லாமல் உறைபனி விழுந்தால் பழத்தைப் பறித்துவிடு. எனக்காகக் காத்திருக்காதே.

அன்புடன்,
டெஸ்மண்ட்


பிராக்கன் காட்டேஜ்
8 அக்டோபர், ஞாயிறு

அன்புள்ள டெஸ்மண்ட்,

டாலியாவுக்குத் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும்.

பாட்டிலைத் தபாலில் அனுப்பச் சொல்லி நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு நீ பதில் சொன்னால், கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று அர்த்தம். இருபத்தாறு வருடமாக உன்னோடு குடும்பம் நடத்துகிறேன்.

இன்று காலை மூடுபனி. சர்ச்சுக்குப் போகவில்லை. மேட்டுக்கு ஏறி, மேல் கேட்டருகே நின்றேன். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஞாபகம் இருக்கிறதா, இப்படி மூட்டமாக இருக்கும்போது நீ கேட்டில் நின்று எங்களைக் கூப்பிடுவாய். என் பெயரை நீ எவ்வளவு உரக்கச் சொன்னாலும் காற்று தின்றுவிடும். ரோலி என்று கூப்பிட்டால் மேடு முழுக்கக் கேட்கும். அவன் ஒரு பக்கத்திலிருந்து வருவான், நான் இன்னொரு பக்கத்திலிருந்து வருவேன். என்னைக் கூப்பிட வேண்டுமென்றாலும் அவன் பெயரைத்தான் கூப்பிடுவாய். இன்று ரொம்ப நேரம் நின்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். கை குளிர்ந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஈஸ்டர் வரை இந்தக் காட்டேஜுக்கு யாரும் வருவதில்லை. குளிர்காலம் முழுக்க இங்கேயே இருந்துகொள்ளும்படி திருமதி ப்ரீஸ் சொல்கிறார். “வாடகையெல்லாம் பேசாதீங்க. அடுப்பு எரிஞ்சா வீடு ஈரமாகாம இருக்கும், அதுவே எனக்கு லாபம். மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க,” என்றார். நான் முடியாது என்று சொல்லவில்லை.

ஏன் என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். அடக்கம் முடிந்த வாரம் நான் என் தங்கை வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் ரோலியின் அறை காலி. அவன் சட்டைகள், புத்தகங்கள், அந்த உடைந்த கிடார் எல்லாம் சர்ச்சின் பழைய சாமான் விற்பனைக்குப் போய்விட்டன. சுவருக்குப் பாலேடு நிறத்தில் வர்ணம் அடித்திருந்தாய். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாய், வர்ண வாசனை போகட்டும் என்று. அவன் வாசனையும் போய்விட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நீயும் நானும் ஒருவருக்கொருவர் உப்பை நகர்த்திக் கொடுத்துக்கொண்டு வாழ்கிறோம். இங்கேயும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் இங்கே ஒரு கிழவி அவன் பெயரைச் சொல்கிறாள்.

பாட்டில் எங்கே?

மியூரியல்


கெட்டரிங்
11 அக்டோபர், புதன்

அன்பு மியூரியல்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு கூரைக் குழாயின் மறுபக்கத்தை முடித்தேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அறை. நீ திரும்பி வந்த அன்று அந்த வாசலில் நின்றுகொண்டு என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? “ரொம்ப சுத்தமா இருக்கு. நன்றி, டெஸ்மண்ட்,” என்றாய். அப்புறம் டீ போடப் போனாய். நான் செய்தது சரி என்று நினைத்துக்கொண்டேன். உன்னால் முடியாததை உனக்காகச் செய்து முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். நீ ஒரு வார்த்தை கத்தியிருந்தால், அந்தச் சாமான் விற்பனைக் கூடத்துக்கு ஓடிப்போய் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கியிருப்பேன். நீ நன்றி என்றாய்.

அடுத்து, பாட்டில். அது என்னிடம் இல்லை.

நீ ஊருக்குக் கிளம்பின சனிக்கிழமை, அன்று ராத்திரி நடந்த சர்ச் அறுவடை விருந்துக்காகப் பாட்டில் சேகரிக்க வந்தார்கள். ஒவ்வொரு வருடமும் நடப்பதுதானே: கெட்சப்போ ஜின்னோ, எதுவானாலும் எண் ஒட்டி அடுக்கி, காசு கொடுத்துச் சீட்டு எடுத்தவருக்கு எது விழுகிறதோ அது. வாசலில் நின்று, “ஏதாவது இருக்கா, மிஸ்டர் ஹாலம்?” என்று கேட்டார்கள். சாமான் அறைக்குப் போனேன். அந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

கவனிக்காமல் கொடுத்தேன் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். அது பொய். லேபிளில் அவன் கையெழுத்தைப் பார்த்தேன். பார்த்ததால்தான் கொடுத்தேன். அதை இந்த வீட்டில் வைத்துக்கொண்டு தனியாக இருக்க என்னால் முடியவில்லை.

உன் முதல் கடிதம் வந்த அன்றே பாதிரியார் மனைவியிடம் போய் விசாரித்தேன். அது பியானோ டீச்சர் மிஸ் அட்காக்குக்கு விழுந்ததாம். அந்த அம்மாள் ஜென்மத்தில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை, தொடுவதில்லை என்று சிறுவயதில் சத்தியமே செய்தவர், அவருக்குப் போய் ஜின் விழுந்ததே என்று விருந்தில் எல்லோரும் சிரித்துத் தீர்த்தார்களாம்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார், கேக் கொடுத்தார். அவர் வீட்டு அலமாரியில் வினிகர், கெட்சப், ஆரஞ்சு சாறு, தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு என்று பாட்டில்கள் வரிசையாக நின்றன. கடை போடப் போகிறாரோ என்று நினைத்தேன். நம் பாட்டிலை மட்டும் காணவில்லை. சர்ச் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினோம். ஒருவருக்குப் பரிசாக விழுந்ததைத் திரும்பக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? மென்று முழுங்கிவிட்டு வந்தேன். கிளம்பும்போது இன்னொரு துண்டு கேக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

குளிர்காலத்துக்கு அங்கே இருப்பது உனக்கு நல்லது என்றால் இரு. கரி போதுமா?

டெஸ்மண்ட்


பிராக்கன் காட்டேஜ்
14 அக்டோபர், சனி

டெஸ்மண்ட்,

கரி போதும்.

நன்றி என்று நான் சொன்னது உண்மை. வேறு என்ன சொல்வது? நீ ஏணியோடு நின்றாய், தலைமுடியில் வர்ணம். வாரம் முழுக்கத் தனியாக உழைத்திருக்கிறாய். அப்படி ஓர் ஆளிடம் கத்த எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா இறந்தபோது என் அப்பா அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு சாண்ட்விச் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தான்.

உன் கடிதத்தைத் தபால்காரர் வாசலில் கொடுத்தார். பாட்டில் போய்விட்டது என்று படித்ததும் எனக்குக் கோபம் வர வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தேன், இல்லை. வாசலிலேயே நின்று பட்டாணி உரித்தேன். திருமதி ப்ரீஸ் வந்து பார்த்துவிட்டு, “கண்ணு, தோலைப் பாத்திரத்துல போடுறீங்க, பட்டாணியைக் கோழிக்குப் போடுறீங்க,” என்றார். குனிந்து பார்த்தால் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

லேபிளில் கையெழுத்தைப் பார்த்தேன் என்கிறாய். என்ன எழுதியிருந்தான் என்றும் உனக்குத் தெரியும். “அம்மா, அடுத்த அக்டோபருக்கு முன்னால் திறக்காதே. ஞாயிறுதோறும் என்னைப் புரட்டிப் போடு. பார்த்துக்கொண்டிருப்பேன்.” புதுவருடத்துக்குப் பிறகு புரட்டத் தேவையே இல்லை, பழம் அதற்குள் சாயம் முழுவதையும் விட்டுவிடும். ஆனாலும் புரட்டினேன். மே மாதத்துக்குப் பிறகும் புரட்டினேன். ஒவ்வொரு ஞாயிறு காலையும், நீ செய்தித்தாள் வாங்கப் போயிருக்கும்போது, சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, லேபிள் கீழே போகும்படி புரட்டிப் போடுவேன். அடுத்த ஞாயிறு போனால் லேபிள் மறுபடியும் மேலே இருக்கும். தட்டு சாய்வாக இருக்கிறது, தானாக உருண்டுவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாரமும் நான் அவனுக்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

அதைக் கெட்சப்புக்கும் வினிகருக்கும் நடுவில் வைத்துச் சீட்டு எடுக்கக் கொடுத்திருக்கிறாய்.

வேறு ஜின் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. அப்படி ஒரு யோசனை உனக்கு வந்திருக்கும், எனக்குத் தெரியும். இன்னும் உறைபனி விழவில்லை. திருமதி ப்ரீஸிடம் அடுத்த சனிக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். என்ன பதில் என்று எனக்கே ஓரளவு தெரிகிறது.

மியூரியல்


கெட்டரிங்
18 அக்டோபர், புதன்

அன்பு மியூரியல்,

தட்டு சாய்வாக இல்லை. ரசமட்டம் வைத்து நானே பொருத்திய தட்டு அது.

லேபிளை மேலே திருப்பியது நான். ஞாயிறு இரவு, வாசல் கதவைப் பூட்டிவிட்டு வரும்போது சாமான் அறைக்குள் போவேன். காலையில் நீ புரட்டியிருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் புரட்டச் சொல்லியிருக்கிறான், மியூரியல் அந்தப் பக்கமே போவதில்லை, நானாவது செய்வோம் என்று செய்தேன். உன்னிடம் சொன்னால் உன்னைக் கிளறிவிட்டதாக ஆகும் என்று மூச்சுவிடவில்லை. நீ காலையில் திருப்பினதை நான் ராத்திரி திருப்பியிருக்கிறேன். அந்தப் பழம் அத்தனை மாதமும் கிடந்த இடத்திலேயே கிடந்திருக்கிறது.

நீ ஊருக்குப் போன மறுநாள் ஞாயிறு. வீட்டில் யாரும் இல்லாமல் அந்தக் காரியத்தைச் செய்ய வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஏன் கொடுத்தேன் என்பதற்கு இதற்குமேல் எனக்கு விளக்கம் தெரியவில்லை.

திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. நேற்று மறுபடியும் மிஸ் அட்காக் வீட்டுக்குப் போனேன். போன தடவை போலவே டீ, கேக். செவ்வந்திச் செடிகளுக்குப் பூச்சி பிடித்திருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் பாதியில் குறுக்கிட்டேன். என் வாழ்நாளில் ஒரு பெண்மணியின் பேச்சில் குறுக்கிட்டதில்லை.

“மிஸ் அட்காக், அந்த பாட்டில்ல இருக்கிற பழம் ரோலி பறிச்சது,” என்றேன்.

மே மாதத்துக்குப் பிறகு அவன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் குரல் மாதிரியே இல்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “தெரியும், மிஸ்டர் ஹாலம். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ‘இந்த வாரம் பியானோ பழகல, மன்னிக்கணும்’னு எத்தனை வாரம் எழுதிக் கொண்டுவந்து குடுத்திருப்பான்,” என்றார்.

எழுந்துபோய், மேஜை விரிப்புகள் வைக்கும் பெட்டியைத் திறந்தார். அடியில், பழைய பிளானல் துணியில் சுற்றி வைத்திருந்தார். வீடு பெருக்க வரும் பெண் கண்ணில் பட்டால் தன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்ற பயம் வேறு. விருந்தன்று அதை மேஜையில் பார்த்தவுடன் சீட்டு வாங்க ஆரம்பித்தாராம். முதலில் வினிகர் விழுந்தது. அப்புறம் ஷாம்பு. இது தன் கைக்கு வரும்வரை விடாமல் வாங்கியிருக்கிறார். அந்த அலமாரி வரிசை எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“அப்புறம் ஏன் எங்ககிட்ட கொண்டுவந்து குடுக்கல?” என்று கேட்டேன்.

“நீங்க குடுத்த பொருளை நான் திருப்பிக் கொண்டுவந்தா, நீங்க குடுத்தது தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிடுமே. அதைச் சொல்ல நான் யாரு? நீங்களா கேட்டா குடுக்கலாம்னு இருந்தேன். அன்னைக்கு ஒரு நாள் வந்தீங்க. கேப்பீங்க கேப்பீங்கன்னு பார்த்தேன். சர்ச் கூரையைப் பத்திப் பேசிட்டுப் போயிட்டீங்க.”

நாங்கள் இரண்டு பேரும் அன்று எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பாட்டில் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

இதையும் கேள். பாட்டிலை என் கையில் கொடுக்கும்போது சொன்னார்: “ஞாயித்துக்கிழமை சர்ச்சுல இருந்து வந்ததும் புரட்டிப் போட்டேன். ஒரு வாரம்கூட விடல. அதுல எழுதியிருக்கே.”

நான் அழுதேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. அழவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் தட்டிலிருந்த கேக் தூளைத் துடைத்தார். பிறகு அவனைப் பற்றிப் பேசினோம். அவன் எவ்வளவு மோசமாக வாசித்தான் என்பதைப் பற்றித்தான் பெரும்பாலும். வெளியே இருட்டிவிட்டது, விளக்கைப் போட இருவருக்கும் தோன்றவில்லை. புறப்படும்போது ஒரு வினிகர் பாட்டிலையும் கொடுத்துவிட்டார், மறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானப் பேருந்தில் வருகிறேன். உன்னைக் கூட்டிப்போக வரவில்லை. திருமதி ப்ரீஸுக்கு நீ என்ன பதில் சொன்னாலும் சரி. பாட்டிலைப் பெட்டியில் வைக்க மாட்டேன், மடியில் வைத்துக்கொண்டு வருவேன். திறந்த பிறகு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் பெயரைச் சொல்ல முடிகிறது. இப்போதைக்கு அது ஒன்றுதான் முடிகிறது.

உன்
டெஸ்மண்ட்

பி.கு. டாலியா வாடிவிட்டது. தண்ணீர் மாற்றினேன்.


(சமையலறை மேஜையில், டீ பாத்திரத்துக்கு அடியில் வைத்த காகிதம்)

சனிக்கிழமை காலை

டெஸ்மண்ட்,

நேற்று இரவு உறைபனி விழுந்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் புல் முழுக்க வெள்ளை. கதவுத் தாழ்ப்பாள் கையில் ஒட்டிக்கொண்டது, சுரீரென்று வலித்தது. சந்தோஷமாக இருந்தது, வலித்ததால். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

நான் மேட்டில் இருக்கிறேன். உறைபனி உருகினால் பழம் குழைந்துவிடும், அதனால் உனக்காகக் காத்திருக்கவில்லை. அடுப்பில் சூப் இருக்கிறது, குடித்துவிட்டு வா. ஜன்னலோரம் ஒரு காலி பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். புது ஜின் திருமதி ப்ரீஸ் கொடுத்தார். அதற்கு லேபிள் யார் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் கையெழுத்தாவது படிக்கும்படி இருக்கும்.

திருமதி ப்ரீஸ் பால் கொண்டுவந்தபோது பதில் சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு வாரம் வேண்டும், இரண்டு பேருக்கு என்றேன். “இருந்துட்டுப் போங்க,” என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பாலேடு நிறத்தை என்னால் பார்க்க முடியாது. அதை மாற்ற வேண்டும், இந்தத் தடவை நானும் ஏணியைப் பிடிப்பேன். அடுத்த முறை நான் நன்றி என்று சொன்னால், இன்னொரு தடவை கேள்.

பாட்டிலை மேலே கொண்டு வா. கோப்பை வேண்டாம், நான் எடுத்துக்கொண்டு போகிறேன். பூட்ஸ் போட்டுக்கொள்.

மேலே மூடுபனி கனமாக இருக்கிறது, மத்தியானமும் விலகாது போலிருக்கிறது, நீ வரும்போது என்னைத் தேடினால் தெரிய மாட்டேன். மேல் கேட்டில் நின்று, எப்போதும் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடு. என் பெயர் அங்கே எட்டாது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, நான் வருகிறேன்.

மியூரியல்